பின்சந்தில் வளர்ந்தவர்கள்

எங்கள் வாசலில், சாக்கடையை ஒட்டி, ஒரு சிலிப்பர் கட்டை கிடந்தது. தண்டவாளத்துக்கு அடியில் பல வருஷம் பாரம் தாங்கிவிட்டு, இனி ஆகாது என்று ரயில்வே கழித்துவிட்ட கட்டை. வைரம் பாய்ந்த மரம். வெயில் ஏறினால் தார் வாடை அடிக்கும். ஆணி இறங்கியிருந்த ஓட்டைகளில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும். அதில்தான் கோலிகளைக் கழுவுவோம். பகல் முழுக்க அது எங்களுக்குக் கடை, கப்பல், கோட்டை. ஆறு மணிக்கு மேல் அப்பாக்கள் உட்காரும் பெஞ்சு. யார் தூக்கிவந்து போட்டார்கள் என்று எவருக்கும் தெரியாது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பல வீடுகளின் முன்னால் இப்படி ஒன்று கிடந்தது.

அந்தத் தெருவின் பிள்ளைப்பருவத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கட்டைதான். தொழிலாளர் தெருவில் வளர்ந்ததை எழுதுகிறவர்கள் வழக்கமாக வறுமையை எழுதுவார்கள். இல்லாவிட்டால் ஒற்றுமையை எழுதுவார்கள். இரண்டும் இருந்தன. ஆனால் அவற்றுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தத் தெருவை யார், எதற்காகப் போட்டார்கள்? எங்கள் தெரு வேலைக்காகப் போடப்பட்ட தெரு. வீடு, சந்து, சாக்கடை எல்லாமே ஒரு நிர்வாகம் தன் வேலை நடப்பதற்காக வரைந்த வரைபடம். அதைப் பிள்ளைகள் வேறு காரியத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்துக்கொண்டது எந்தக் கோப்பிலும் பதிவாகவில்லை. நினைவு ஒன்றே அதற்கு ஆவணம் என்கிறபோது, ஆவணத்தைச் சந்தேகிப்பதைப் போல நினைவையும் சந்தேகித்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸின் பெயரே ஒரு வேலையின் பெயர். 1881ஆம் ஆண்டு கோலாலம்பூருக்குப் பொல்லாத ஆண்டு. ஜனவரியில் தீ, டிசம்பரில் வெள்ளம். அத்தாப்பும் பலகையுமாக இருந்த ஊரை இனிச் செங்கல்லும் ஓடுமாகக் கட்ட வேண்டும் என்று அடுத்த சில ஆண்டுகளில் பிரிட்டிஷ் அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாமின் நிர்வாகம் முடிவெடுத்தது. சீனர்களின் தலைவராக இருந்த காப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் சூளை போட்டார். களிமண் கிடைத்த ஆற்றோரப் பள்ளம் சூளைக்காடாயிற்று. 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு எதிர்க்கரையில் இருந்த புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. 1890இல் கிள்ளான் ஆற்றின் மேல் பாலம் வந்தது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. ஈயமும் ரப்பரும் அந்தப் பாதையில்தான் கடலுக்குப் போயின. எங்கள் தாத்தாக்கள் அதே பாதையில் கடலிலிருந்து உள்ளே வந்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று ஜாலான் ரொசாரியோ, ஜாலான் சான் ஆ தோங் என்று அழைக்கப்படும் சாலைகளின் ஓரமாக ரயில்வே ஊழியர்களுக்கும் அரசாங்க ஊழியர்களுக்குமாக நூறு வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. எண்ணிக்கையே பெயராகி, ஹன்ட்ரட் குவார்ட்டர்ஸ் என்று நிலைத்துவிட்டது. சுற்றிலும் வேறு குவார்ட்டர்ஸ்களும் இருந்தன. எல்லா வீடும் ஒன்று போலத்தான் என்று வெளியிலிருந்து வருகிறவர் நினைப்பார். உள்ளே வளர்ந்த பிள்ளைக்கு வீட்டைப் பார்த்தே அப்பாவின் சம்பளத் தரத்தைச் சொல்லத் தெரியும். கிராணிக்கு ஒரு வகை வீடு, டிரைவருக்கு ஒரு வகை, கேங்கில் கல் கொட்டுகிறவருக்கு ஒரு வகை. பள்ளிக்கூடத்தில் பின்னங்கள் படிப்பதற்கு முன்பே ஒரு மனிதர் எத்தனை அறை பெறுவார் என்ற கணக்கு எங்களுக்குப் பாடமாகியிருந்தது.

அந்தக் கணக்குக்குள் இன்னொன்றும் ஒளிந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மலாயா நிர்வாகம் யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் எடுத்தது. மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்தவர்கள் அவர்கள். ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி, கணக்கர் என்று மேசை வேலைக்கு வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் மண்வெட்டி வேலைக்கு வந்தார்கள். ஒரே மொழி பேசினாலும் தெருவில் நாங்கள் அவர்களைச் சிலோன்காரர் என்போம். ஸ்காட் ரோட்டில் கந்தசுவாமி கோவில் அவர்கள் கட்டியது. நாங்களும் போவோம், பிரசாதம் வாங்குவோம். ஆனால் அது அவர்கள் கோவில் என்று யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

பள்ளியும் அப்படித்தான் பிரிந்தது. நான் போனது 1914இல் தொடங்கப்பட்ட விவேகானந்தா தமிழ்ப் பள்ளிக்கு. சிலிப்பர் கட்டையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோலி விளையாடிய கிராணி வீட்டுப் பையன் ஆங்கிலப் பள்ளிக்குப் போனான். ஆறாம் வகுப்பு வரை இருவரும் ஒரே வயது, ஒரே வகுப்பு. அதன்பின் நான் புகுமுக வகுப்பு என்ற ஒரு வருஷத்தைக் கூடுதலாகப் படிக்க வேண்டியிருந்தது. அவன் நேரே முதலாம் படிவத்துக்குப் போனான். அன்றிலிருந்து அவன் எனக்கு ஒரு வகுப்பு மேலே. தெருவில் சமமாக இருந்த இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே பள்ளி அமைப்பு ஒரு வருஷ இடைவெளியைப் போட்டது. அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. விளையாட வருவது மட்டும் குறைந்துபோயிற்று.

குவார்ட்டர்ஸின் பின்பக்கம் ஒரு சந்து ஓடியது. இரண்டு வரிசை வீடுகள் முதுகைக் காட்டி நிற்க, நடுவில் ஒரு சாக்கடையும் ஒரு ஆள் வாளியோடு நடக்கிற அகலமும். வாளிக் கக்கூஸ் காலத்தில் மலம் அள்ளுகிறவர் வந்துபோகவும், நெருக்கமான வீடுகளுக்குக் காற்று கிடைக்கவும், தீப்பிடித்தால் பரவாமல் இருக்கவும் விடப்பட்ட வழி. மலாயா, சிங்கப்பூர் நகரங்களில் சுகாதார அதிகாரிகள் வற்புறுத்திக் கொண்டுவந்த ஏற்பாடு இது. அந்த வழிதான் எங்களுடைய மைதானம்.

ஏன் பின்சந்து, ஏன் முன்வாசல் இல்லை? நெடுநாள் இதை நான் யோசித்ததே இல்லை. காரணம் ஷிப்ட். என் அப்பா பாயிண்ட்ஸ்மேன். யார்டில் வண்டி எந்தத் தண்டவாளத்துக்குப் போக வேண்டுமோ அதற்கு ஏற்றபடி பாயிண்டை மாற்றுகிற வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. இராவேலை முடித்துக் காலையில் வருவார். வேட்டிக்கு மாறி, மங்கில் இருக்கும் பழைய சோற்றைக் குடித்துவிட்டு முன் அறையில் பாய் போடுவார். அதன் பிறகு மூன்று மணி வரை முன்வாசலில் சத்தம் கூடாது. எங்கள் அப்பா காலை ஷிப்ட்டுக்கு மாறும் வாரத்தில் பக்கத்து வீட்டு மாமா இராவேலைக்குப் போவார். ஆக, ஏதாவது ஒரு முன் அறையில் எப்போதும் யாராவது தூங்கிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு எந்தெந்த வாசலில் ஓடக்கூடாது என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் மனப்பாடம். ரயில்வேயின் ஷிப்ட் அட்டவணையை நாங்கள் எழுத்து படிப்பதற்கு முன்பே படித்திருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது. சத்தம் போட எங்களுக்குக் கிடைத்த இடம் சாக்கடை ஓரம் மட்டும்தான்.

அங்கே கில்லி, பம்பரம், கவுண்டி எல்லாம் நடந்தன. பியூஸ் போன பல்பை இடித்து மாஞ்சா காய்ச்சினோம். யார்டுப் பக்கம் போகக்கூடாது என்பது கட்டளை, போனோம். ஐந்து காசைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டு, வண்டி போன பிறகு தகடாகிக் கிடப்பதைப் பொறுக்கினோம். நீள ஆணி வைத்தால் சின்னக் கத்தி கிடைக்கும். இதை இன்று வீரக்கதையாகச் சொல்கிற நண்பர்கள் உண்டு. எனக்கு இதைச் சொல்லும்போது அப்பாவின் முகம்தான் வருகிறது. வண்டிக்கு அடியில் சிக்கிய மனிதர்களை அவர் பார்த்திருக்கிறார். என் சட்டைப்பையில் அந்தத் தகட்டைக் கண்டெடுத்த அன்று அவர் அடிக்கவில்லை. கட்டையில் உட்கார்ந்து வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளின் நினைவு எங்கே ஏமாற்றும் என்பதற்கு 1971ஐச் சொல்ல வேண்டும். அந்த ஜனவரி முதல் வாரத்தில் கோலாலம்பூர் வெள்ளத்தில் மூழ்கியது. ஆற்றோரப் பள்ளமான பிரிக்பீல்ட்ஸுக்குத் தண்ணீர் வராமல் இருக்குமா? என் மனதில் அது திருவிழா. பள்ளிக்கூடம் இல்லை, பின்சந்தும் சாக்கடையும் ஒன்றாகி ஒரே ஏரி, வாழைத்தண்டைக் கட்டி மிதந்தோம். நாற்பது வயது வரை இதை இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் அம்மா இடைமறித்தார். அந்த வருஷம் எனக்கும் அக்காவுக்கும் வாங்கிய புதுப் புத்தகங்கள் ஊறிப் போனதையும், அரிசி மூட்டை புளித்துப் போனதையும், அதற்குச் சீட்டுப் பணத்தை எடுத்ததையும், அந்தக் கடன் தீபாவளி வரை இழுத்ததையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த வெள்ளம் அது. என் திருவிழா பொய்யில்லை. தெருவின் கஷ்டத்தைப் பிள்ளைகளின் கண்ணில் படாமல் பெரியவர்கள், முக்கியமாகப் பெண்கள், மறைத்து வைத்ததால்தான் அது திருவிழாவாயிற்று. "எங்கள் பிள்ளைப்பருவம் சந்தோஷமானது" என்று ஒருவர் சொன்னால், அந்தச் சந்தோஷத்துக்கு யார் செலவு செய்தார்கள் என்று ஆய்வாளர் கேட்டாக வேண்டும்.

மறைக்கப்பட்டவை இன்னும் இருந்தன. தெருக்கோடி வீட்டுத் தாத்தா ஒருவரை எல்லாரும் சயாம்காரர் என்பார்கள். சயாமில் பிறந்தவர் என்றே நாங்கள் நினைத்தோம். 1942, 43இல் ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதைக்குப் பல்லாயிரக்கணக்கான தமிழர்களை மலாயாவிலிருந்து வண்டியேற்றிக் கொண்டுபோனார்கள் என்பதையும், பாதிக்கு மேல் திரும்பவில்லை என்று பல கணக்குகள் சொல்வதையும் பெரியவனாகிப் புத்தகத்தில் படித்தேன். எங்கள் யார்டு இருந்த திசையிலிருந்து அவர்கள் வடக்கே போயிருக்க வேண்டும். அதே யார்டை 1945இல் நேசநாட்டு விமானங்கள் குறிவைத்தன. மார்ச் 10 அன்று விழுந்த குண்டில் அருகிலிருந்த சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி இடிந்தது. இவ்வளவும் நடந்து முப்பது வருஷம்கூட ஆகாத மண்ணில் நாங்கள் கோலிக்குழி தோண்டிக்கொண்டிருந்தோம். தாத்தாவிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்த ஒன்று இருந்தது: ஐசி என்ற அடையாள அட்டையின் நிறம். நீல ஐசி வைத்திருந்தவர் குடியுரிமை உள்ளவர். சிவப்பு ஐசி வைத்திருந்தவர் அது இல்லாதவர். 1969 மே கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாக்கப்பட்டது. தோட்டங்களில் இது எவ்வளவு பேரைத் துரத்தியது என்று நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நகரத்துக் குவார்ட்டர்ஸ் தெருக்களில் அது எப்படி வந்து இறங்கியது என்பதைப் பற்றி அவ்வளவாக எழுதப்படவில்லை. எங்கள் தெருவில் அது இப்படி வந்தது: ஒருநாள் பின்சந்தில் எங்கள் பக்கத்துக்கு ஓர் ஆள் குறைந்தான். "ஊருக்குப் போறாங்க" என்றார்கள். அவன் பிறந்தது கோலாலம்பூர் பொது மருத்துவமனையில். ஊரை அவன் பார்த்ததே இல்லை. வழியனுப்பத் தெருவே போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு ரயிலேறியது. அங்கே பெரிய கப்பல், தகரப் பெட்டிகள், பாய்ச் சுருட்டு, அழுகை. எனக்கு அது முதல் கடல் பயணம் மாதிரி இருந்தது; வடையும் கோப்பியும் கிடைத்தன. போகும்போது அவன் தன் பம்பரத்தை என்னிடம் கொடுக்கவில்லை. தன்னோடு எடுத்துக்கொண்டு போனான். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் எங்கோ அது சுற்றியிருக்கும். 1972இல் அந்தத் துறைமுகத்துக்குப் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது.

வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போகும். அப்போது அரசாங்க ஊழியருக்கு ஓய்வு 55 வயதில். முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர் ஓய்வு பெற்றதும் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாங்கள் 1979இல் கிள்ளானுக்குப் போனோம். சிலர் செந்தூலுக்குப் போனார்கள். சிலர் புறம்போக்கில் பலகை வீடு கட்டினார்கள். பிள்ளைகள் வளர்ந்து கல்யாண வயதுக்கு வரும்போது தெரு அவர்களைக் கைவிட்டது. அவரவர் கிராமத்தில் பிறந்த வீட்டைப் பற்றி எழுதுகிற தமிழ் எழுத்தாளர்களைப் படிக்கும்போதெல்லாம் இந்த வேறுபாடு எனக்கு உறுத்தும். அவர்கள் இழந்தது தங்களுடையதை. நாங்கள் இழந்தது என்றைக்கும் எங்கள் பெயரில் இல்லாத ஒன்றை. அதற்கு அழ எங்களுக்கு உரிமை உண்டா என்ற கூச்சம் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் பலரிடம் இன்றும் இருக்கிறது.

அதன்பின் நடந்தவை வேகமானவை. 1992இல் ரயில்வே நிறுவனமாக்கப்பட்டது. 1995இல் மின்சாரக் கொம்யூட்டர் வண்டிகள் ஓடத் தொடங்கின. எங்கள் அப்பா பாயிண்ட் மாற்றிய யார்டின் மேல் 2001இல் கே.எல். சென்ட்ரல் திறந்தது. 2010 அக்டோபரில் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் வந்து ஜாலான் துன் சம்பந்தனை லிட்டில் இந்தியா என்று திறந்துவைத்தார்கள். வளைவுகள், வண்ணத் தூண்கள், நீரூற்று. அதிலிருந்து சில ஆண்டுகளுக்குள் ஹன்ட்ரட் குவார்ட்டர்ஸ் இடிக்கப்பட்டது. காப்பாற்றச் சொல்லிக் குரல்கள் எழுந்தன, போதவில்லை. 2014இல் விவேகானந்தா ஆசிரம நிலத்தில் அடுக்குமாடி வருகிறது என்றதும் சமூகம் பெரிதாகத் திரண்டது, ஆசிரமம் நிற்கிறது. நான் அதில் மகிழ்கிறேன். ஆனாலும் சொல்கிறேன்: கும்பிடும் இடத்துக்குத் திரண்ட அளவுக்குக் குடியிருந்த இடத்துக்கு நாம் திரளவில்லை. கூலிக்காரர் வீட்டில் காக்க என்ன இருக்கிறது என்ற எண்ணம் நமக்குள்ளேயும் ஊறியிருக்கிறது.

எழுத்திலும் இதே இடைவெளியைப் பார்க்கிறேன். பிரிக்பீல்ட்ஸைப் பற்றிப் பத்திரிகையாளர் பாலன் மோசஸ் ஆங்கிலத்தில் எழுதிய நூல் இருக்கிறது. அது இல்லாவிட்டால் இந்தத் தெருக்களைப் பற்றி இவ்வளவும் மிஞ்சியிருக்காது. தமிழில், தோட்டப்புற வாழ்க்கை கதைகளாகவும் நாவல்களாகவும் நிறைய வந்திருக்கிறது. 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசனின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களில் பால்மரக் காட்டு வாசம் அடித்துக்கொண்டே இருந்தது. நகரத்துக் குவார்ட்டர்ஸ் பிள்ளை அந்த அளவுக்கு அவற்றில் இல்லை. அவனைத் தோட்டத்துக்காரன் என்றும் சொல்ல முடியவில்லை, டவுன்காரன் என்றும் சொல்ல முடியவில்லை. 2015இல் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ படம் வந்தபோது, தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் குடியிருப்பில் வளரும் ஒரு பையனைத் திரையில் கண்டு பலர் கலங்கினோம். நான் வளர்ந்தது அந்தப் பையனின் காலத்துக்கு இருபது வருஷம் முன்னால், மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் இருந்த தெருவில். அந்தச் சிறிய பாதுகாப்பு எங்களுக்கு எவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கொடுத்தது என்பதை அந்தப் பையனைப் பார்த்துத்தான் உணர்ந்தேன்.

இந்தக் கட்டுரைக்காக ஒரு காரியம் செய்தேன். என் தம்பியிடமும் அக்காவிடமும் தனித்தனியே வெள்ளைத்தாள் கொடுத்து, தெருவை நினைவிலிருந்து வரையச் சொன்னேன். தம்பி ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டான். பின்சந்து, யார்டு வேலியில் இருந்த ஓட்டை, ரோட்டோர ஐஸ் உருண்டைக் கடை, கச்சான்காரர் நிற்கும் மூலை, லிடோ தியேட்டர். வெள்ளைக் கோலோடு பார்வையற்றோர் சங்கத்துக்குப் போகிறவர்கள் சாலையைக் கடக்கும் இடத்தைக்கூடக் குறித்திருந்தான். கைபிடித்து அழைத்துப் போய்விடுவது எங்கள் வேலை. தாள் நிறைய வெளி. வீடுகளை வெறும் கட்டங்களாகப் போட்டிருந்தான். எங்கள் வீட்டுக்கு மட்டும் பெயர்.

அக்கா அரைநாள் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்கதவு. எந்தக் குழாயில் காலையில் முதலில் தண்ணீர் வரும், எந்த வீட்டு மாமா இராவேலை முடித்துத் தூங்குகிறார், எந்த வீட்டில் அம்மி வாங்கலாம், எந்த வீட்டுக்குத் தனியாகப் போகக்கூடாது. ஒரு பின்கதவுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டிருந்தார். அது என்ன என்று கேட்டேன். அந்த வீட்டில் நமக்குத் தண்ணீர் கொடுக்கிற டம்ளர் என்றார். உள்ளே வைக்கமாட்டார்கள், வெளித் திண்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். குடித்துவிட்டுக் கழுவி அங்கேயே கவிழ்க்க வேண்டும். அதே வீட்டுப் பையனோடு பத்து வருஷம் விளையாடியவன் நான். அந்த டம்ளரில் நானும் குடித்திருப்பேன். எனக்கு நினைவே இல்லை. சாதி தெருவில் இல்லை என்று நான் பல மேடைகளில் பேசியிருக்கிறேன்.

அக்காவின் தாளில் யார்டு இல்லை. வேலி ஓட்டை இல்லை, லிடோவும் இல்லை. தெருவின் ஒரு முனையில் ஒரு விளக்குக் கம்பத்தை வரைந்து, அதோடு கோட்டை நிறுத்தியிருந்தார். கம்பத்துக்கு அந்தப் பக்கம் தாள் வெள்ளையாக இருந்தது. "விளக்கு போடுறதுக்குள்ள அங்கேருந்து திரும்பிடணும்" என்றார். பிறகு பென்சிலை மறுபடி எடுத்து, எங்கள் வாசலுக்கு முன்னால், சாக்கடையை ஒட்டி, நீளமாக ஒரு கட்டையை வரைந்தார்.